இருபத்தோராவது ஆள்

உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னலோரம் வேணும்னா மாறிக்கிடலாம், எனக்கு ஒண்ணும் இல்ல. என்ன அப்படிப் பாக்கீக? இந்தக் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? அப்ப நீங்களும் நம்ம ஊருதான். கொரோனா காலத்துல ஒரு ஆட்டோ தெருத்தெருவா கத்திக்கிட்டே சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? "சாவு வீட்டுக்கு இருபது பேருதான் போகணும்னு அரசு சொன்னா, நான் இருபத்தோராவது ஆளா வாசல்லயே நிப்பேன்"னு. அது இந்தத் தொண்டைதான். ஆமா, நானேதான். இப்ப ஊருக்குள்ள என் பேரைச் சொல்லி வழி கேட்டா எவனுக்கும் தெரியாது. இருபத்தோராவது ஆளு வீடு எங்கன்னு கேளுங்க, பாலு குடிக்கிற பிள்ளைகூட கையைக் காட்டும்.

சிரிங்க, சிரிங்க. பஸ்ஸு தேவர்குளமே இன்னும் தாண்டலை. சொல்லுதேன் கேளுங்க.

என் பேரு ஆவுடையப்பன். ஈபியில வீடு வீடாப் போய் ரீடிங் எடுக்கிற வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். அது சோத்துக்கு. பேருக்குப் பட்டிமன்றம். நோட்டீசுல 'சிரிப்புச் சுரங்கம் ஆவுடையப்பன்'னு போடுவாக. அந்தப் பட்டத்தை யாரு குடுத்தான்னு மட்டும் கேட்டுராதீக. முதல் நோட்டீசு அடிக்கும்போது பிரஸ்காரரு, "பேருக்கு முன்னால வெறுமையா இருக்கே, ஏதாவது போடணுமே"ன்னாரு. நாந்தான் சொன்னேன்.

எனக்கு எதிரணி எப்பவும் கோமதிநாயகம். பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரு. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு, அதனால அவரு வீட்டம்மா எனக்கு மதினி. எதிரணின்னதும் சண்டைக்காரன்னு நினைச்சுராதீக. மேடையிலதான் எதிரி. போறது வாரது எல்லாம் ஒரே காரு. நடுவரு முன் சீட்டுல, நாங்க ரெண்டு பேரும் பின் சீட்டுல, ஒருத்தரு தோள்ல ஒருத்தரு தூங்கி விழுந்துக்கிட்டு. என்னை அவரு வே, ஓய்ம்பாரு. நானும் அப்படித்தான்.

ஒரு தொழில் ரகசியம் சொல்லுதேன், வெளிய சொல்லாதீக. ஜனங்க நினைக்காக, நாங்க மேடையில ஏறின பிறகு தோணுததைப் பேசுதோம்னு. அதெல்லாம் கிடையாது. கார்லயே பேசி வச்சிக்கிடுவோம். "ஓய், நீரு இன்னைக்கு மாமியாரைப் பத்தி இப்படி ஒண்ணு எடுத்து விடும், நான் அதைப் புடிச்சிக்கிடுதேன்"பாரு. நானும் அவருக்கு எடுத்துக் குடுப்பேன். ஆனா என்ன சொல்லணும்ங்கிறதைத்தான் சொல்லுவோமே தவிர, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கோம்ங்கிறதைச் சொல்ல மாட்டோம். முன்னாலயே தெரிஞ்சிட்டா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அதுலயும் என் மூஞ்சி ரொம்ப மோசம். நான் சொல்லப் போற ஜோக்குக்கு நானே முன்கூட்டிச் சிரிக்கிற ஜாதி.

இன்னொண்ணு. நான் பேசும்போது எதிர் மேசையில இருந்து முதல்ல கை தட்டுதது கோமதிநாயகம்தான். அவரு தட்டினாத்தான் கூட்டமே தட்டும். நான் அவருக்குத் தட்டினதே கிடையாது. எதிரணிக்குக் கை தட்டினா நம்ம பாயிண்டு தோத்த மாதிரி ஆயிரும்லா? அவரு பேசும்போது நான் பேனாவை மூடித் திறந்துக்கிட்டு, மோட்டு வளையைப் பாத்து ஏளனமா ஒரு சிரிப்புச் சிரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அது ஒரு கலை.

இப்படிப் போய்க்கிட்டிருந்த வண்டிக்குத்தான் கொரோனா வந்து குறுக்க படுத்துச்சு. பங்குனியும் போச்சு, சித்திரையும் போச்சு, ஒரு கோயில் கொடை இல்ல, ஒரு மேடை இல்ல. பேசாம இருந்தா எனக்கு வயித்துல வாயு சேந்துரும். என் வீட்டுக்காரி, "சாம்பாருக்கு உப்பு போதுமா?"ன்னு கேட்டா. நான், "நடுவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சேன். கரண்டியக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அப்பத்தான் நம்ம ஊரு நற்பணி மன்றத்துல இருந்து போன். ஆன்லைன்ல பட்டிமன்றம். தலைப்பு, 'தொற்றுக் காலத்தில் மக்களைக் காப்பது அரசின் கட்டுப்பாடா? மக்களின் மனக்கட்டுப்பாடா?' எந்த அணி வேணும்னு கேட்டாக. நகராட்சியில ஒரு அதிகாரி பாக்கப் போறாருன்னு கேள்விப்பட்டேன். அரசாங்கத்துக்குப் பேசி வச்சா, பின்னால சுதந்திர தினம், குடியரசு தினம்னு மேடை கிடைக்குமேன்னு ஒரு நப்பாசை. "அரசின் கட்டுப்பாடே"ன்னு துண்டைப் போட்டேன். மிச்சம் இருந்ததைக் கோமதிநாயகம் எடுத்துக்கிட்டாரு. அவரு என்னைக்கும் மிச்சத்தை எடுத்துக்கிடுத ஆளுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா அண்ணாச்சி, கட்டுப்பாடு வேணும்னு பேச வந்த நான் தினம் கொல்லைப்புறச் சந்து வழியாப் போயி, மாடசாமி டீக்கடையில பாதி ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு நுழைஞ்சு டீ குடிக்கிறவன். அரசாங்கம் ரொம்பக் கெடுபிடி பண்ணக்கூடாதுன்னு பேச வந்த கோமதிநாயகம், கொத்தமல்லித் தழையச் சோப்புப் போட்டுக் கழுவுதவரு. பால் பாக்கெட்டை வெயில்ல காயப் போட்டு, அது திரிஞ்சு போயி, மதினி கிட்ட ஏச்சு வாங்கினவரு. கதவைத் தாண்டி அவரு கால் வெளிய வரலை. அந்த மாசம் பூரா எங்க சிநேகமே போன்லதான்.

முந்தின நாள் சாயங்காலம் போன் பண்ணினாரு.

"ஓய், நாளைக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்கேன், பிடிச்சிக்கிடும். சாவு வீட்டுக்கு இருபது பேருன்னு சட்டம் போட்டிருக்காம்லா? நீரு சொல்லும், என் உயிர் நண்பன் கோமதிநாயகமே செத்தாலும், உள்ள இருபது பேரு இருந்தா நான் இருபத்தோராவது ஆளா வாசல்லயே நிப்பேன்னு. கூட்டம் எழும்பிரும்."

"அடப் பாவி, உம்ம சாவை நீரே எடுத்துக் குடுக்கீரே. இதுக்கு நீரு என்ன வே பதில் வச்சிருக்கீரு?"

"அதை மேடையில கேளும்"னாரு. உள்ளுக்குள்ள சிரிக்கிறாருன்னு போன்லயே தெரியும். நல்ல பதிலா மாட்டினா அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும், மூக்கால.

மறுநாள் மேல சில்க் ஜிப்பா, கீழ கைலி. போனை அரிசி டப்பா மேல சாத்தி வச்சேன். முதல் ஜோக்கைச் சொல்லிட்டுச் சிரிப்புக்கு இடம் விட்டேன். ஒரு சத்தமும் இல்ல. எல்லாருக்கும் வாயை அடைச்சு வச்சிருக்கான், மீட்டிங் நடத்துதவன். கிணத்துக்குள்ள கல்லைப் போட்டா அதுவாவது சத்தம் குடுக்கும். எனக்கு வேர்த்து ஊத்துது. அடுக்களையில குக்கர் ஒரு விசில் அடிச்சது. அதையே கைத்தட்டலா எடுத்துக்கிட்டு மேல பேசினேன். கடைசியில அந்த இருபத்தோராவது ஆளை எடுத்து விட்டேன் பாருங்க, குரலைத் தழுதழுக்க வச்சு, கண்ணைத் துடைச்சு. போன்ல சின்னக் கட்டத்துக்குள்ள இருந்த கோமதிநாயகம் கை தட்டுதாரு. சத்தம் வரலை, கை மட்டும் ஆடுது.

அடுத்து அவரு முறை. விரலைத் தூக்கினாரு. "நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் வாசலில் நிற்பேன் என்றார்..." அவ்வளவுதான். படம் அப்படியே நின்னு போச்சு. வாய் திறந்தபடி, விரல் தூக்கினபடி. ஓசி மீட்டிங்கு, நேரம் முடிஞ்சதும் தானா அறுந்துருமாம். நடுவருக்கு மறுபடி உள்ள வரத் தெரியலை. தீர்ப்பும் இல்ல, நன்றியுரையும் இல்ல.

நற்பணி மன்றத்துக்காரங்க நான் பேசினதை மட்டும் வெட்டி விட்டாக. அது பறந்துச்சு. நகராட்சியில இருந்து போன், "ஐயா, விழிப்புணர்வுக்கு உங்க குரலைப் போட்டுக்கிடலாமா?"ன்னு. "தாராளமா"ன்னேன். ஆட்டோ காலையில எங்க தெருவுக்கு வரும். நான் முன்கூட்டியே மொட்டை மாடியில போயி, துணி காயப் போடுத மாதிரி நிப்பேன். காஞ்ச துணியவே எடுத்து எடுத்துக் காயப் போட்டிருக்கேன்.

ஊரு ரெண்டா உடைஞ்சு போச்சு அண்ணாச்சி. எங்க தெரு வாட்சப் குரூப்புல ராத்திரி பகல்னு இல்லாம இதே சண்டை. கல்யாணத்துக்கு ஆள் குறைச்சது சரியா, கோயிலை மூடி வேற கடையத் திறக்கது என்ன நியாயம், அடிச்சு விரட்டுதது சட்டமா அராஜகமா? எல்லாத்துக்கும் நடுவுல என் வீடியோ. ஜூலின்னு ஒரு நர்சுப் பிள்ளை இருக்கு எங்க தெருவுல. அது எழுதியிருந்துச்சு, "வார்டுல பெட்டு இல்ல மாமா. மூச்சுக்குத் தவிக்கிறவங்களை வராண்டாவுல படுக்க வச்சிருக்கோம். தயவுசெஞ்சு எல்லாரும் வீட்டுல இருங்க"ன்னு. நான் அதுக்குக் கீழ என் வீடியோவ இன்னொரு தடவை போட்டேன்.

மாடசாமி வேற மாதிரி. ஒரு நாள் டீயை நீட்டிக்கிட்டே சொன்னான், "நீங்க நல்லாப் பேசுதீக அண்ணாச்சி. எனக்கு ஷட்டரு பாதி இறங்கினா வீட்டுல சோறும் பாதிதான். உங்க பென்ஷனு ஊரடங்குல அடங்குதா?" சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா அருமையான பாயிண்டு. நாளப்பின்ன எதிரணியில பேச வாய்ப்பு வந்தா உதவுமேன்னு மனசுல குறிச்சு வச்சிக்கிட்டேன். டீயக் குடிச்சிட்டுச் சந்து வழியா வந்துட்டேன்.

கோமதிநாயகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஓய், அன்னைக்கு என்ன பதில் வச்சிருந்தீரு?"

"அது கெடக்கு. அடுத்த மேடை வரட்டும். நேர்ல உம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சொல்லணும் வே அதை."

நான் வற்புறுத்தலை. ஆட்டோ வார நேரம், மாடிக்குப் போகணும்.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஆகலை அண்ணாச்சி. ஒரு காலையில மதினியோட தம்பி பேச்சிமுத்து போன் பண்ணினான். "மச்சான் போயிட்டாரு"ன்னான். எந்த மச்சான்னு கேட்டேன். எனக்குப் புரியலை. கொரோனா இல்ல, மாரடைப்பு. பல்லு விளக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு, உக்காந்தபடியே.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஓடினேன். வெயில் வந்துருச்சு. அவரு வீட்டு கேட்டுல ஒரு கான்ஸ்டபிள், பக்கத்துல பேச்சிமுத்து. உள்ள மதினி அழுகிற சத்தம்.

"ஐயா, சரியா இருபது ஆயிருச்சு. யாராவது வெளிய வந்தா நீங்க போகலாம்"னாரு கான்ஸ்டபிள். சின்ன வயசுதான், மரியாதையாத்தான் சொன்னாரு.

யாரும் வெளிய வரலை. கேட்டு வழியாப் பாக்கேன், திண்டுல சாஞ்சு நிக்கான் கோமதிநாயகத்தோட சித்தப்பா மகன். காம்பவுண்டுச் சுவரு தகராறுல வருஷக் கணக்கா இவரோட பேச்சு வார்த்தை இல்லாதவன். அவன் உள்ள. நான் வெளிய. அங்க இருந்து பாத்தா கோமதிநாயகத்தோட கால் மட்டுந்தான் தெரியுது. கட்டை விரலைச் சேத்துக் கட்டியிருக்கு. மூஞ்சி தெரியலை. எனக்கு அந்த மூஞ்சியப் பாக்கணும். அது ஒண்ணுதான். வேற ஒண்ணும் வேண்டாம்.

பேசினேன் அண்ணாச்சி. என் ஆயுசுலயே நான் நல்லாப் பேசின பேச்சு அதுதான். சட்டம் மனுசனுக்கா, மனுசன் சட்டத்துக்கான்னு கேட்டேன். மாடசாமி பாயிண்டையும் எடுத்துப் போட்டேன். அரசாங்கம் தலையத்தான் எண்ணுது, உள்ள இருக்கிற மனசை எண்ணுதான்னு கேட்டேன். அவரு தோள்ல தூங்கியே ஊரு ஊரா வந்தவன்யா நான்னு சொன்னேன். வேகத்துல அந்தக் கான்ஸ்டபிளை "நடுவர் அவர்களே"ன்னு கூப்பிட்டுட்டேன்.

அவரு மாஸ்குக்கு மேல என்னையே கூர்ந்து பாத்தாரு. "ஐயா, நீங்க... அந்த இருபத்தோராவது ஆளுதான?"

நான் வாயைத் திறக்குமுன்ன தெரு முனையில ஆட்டோ திரும்புது. காலையில எங்க தெரு முடிஞ்சா அடுத்து அந்தத் தெருதான், எனக்கே மனப்பாடம். "என் உயிர் நண்பனே இறந்தாலும்..." நான் தழுதழுக்கேன். ஆட்டோவுல. இங்க கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். "இருபத்தோராவது ஆளா வாசல்லயே நிப்பேன்!" பேச்சிமுத்து என்னையப் பாக்கான். ஆட்டோக்காரன் சாவு வீடுன்னு தெரிஞ்சு பாதியில அமத்தினான். அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சிட்டேன்.

 கேட்டை விட்டுட்டு ஓரமாப் போயி நின்னேன். வாயாலயே கெட்டவன்னு என்னைச் சொன்னா தகும். பொணத்தைப் பாக்க விடாம என்னையத் தடுத்தது அரசாங்கமும் இல்ல, அந்தக் கான்ஸ்டபிளும் இல்ல, பேச்சிமுத்துதான். அவன் நினைச்சிருந்தா அந்தச் சுவருக்காரனை ஒரு நிமிஷம் வெளிய வரச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அந்த வருத்தம் எனக்கு இன்னைக்கும் உண்டு.

உள்ள சங்கு ஊதினாக. தூக்கிட்டாக. நாலு பேரு, மூஞ்சியெல்லாம் மூடிக்கிட்டு, படி இறங்கி வாராக. மதினி பின்னாலயே வந்தாக, ரெண்டு பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டு. கேட்டைத் தாண்டும்போது என்னையப் பாத்துட்டாக.

"நிறுத்துங்கய்யா"ன்னாக.

தூக்கிட்டு வந்தவங்க திகைச்சு நின்னுட்டாக. வாசல்ல நிறுத்தக் கூடாது, எடுத்துட்டா போய்க்கிட்டே இருக்கணும்னு யாரோ சொன்னாக. மதினி கேக்கலை. "ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவுக நிப்பேன்னு சொல்லியிருக்காக"ன்னாக.

அப்புறம் என்னையப் பாத்து, அழுகையோடயே சொல்லுதாக. "தம்பி, அன்னைக்கு அடுக்களையில நின்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்தாக. நான் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன். 'நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் வாசலில் நிற்பேன் என்றார். தாராளமாக நிற்கட்டும். அவர் உள்ளே வர வேண்டாம். எப்படியும் நான் அந்த வாசல் வழியாகத்தானே போக வேண்டும்? நண்பன் நிற்கிறான் என்றால் நானும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறேன். அதைத் தடுக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?'ன்னாக. சொல்லிட்டு அவுகளே சிரிச்சாக தம்பி."

பாத்தேன். என் தோளுக்குக் கிட்டக்க அவரு மூஞ்சி. கண்ணாடி போடாம இருந்தாரு. நெத்தியில திருநீறு. பதிலைச் சொல்லிட்டு எதிரணி என்ன சொல்லுதான் பாப்போம்னு இருப்பாரு பாருங்க, அந்த மூஞ்சி.

எனக்கு மறுப்பு வரலை அண்ணாச்சி. எந்த மேடையிலயும் அவரு முடிக்குமுன்ன எனக்கு மறுப்பு வந்துரும். அன்னைக்கு வரலை. ரெண்டு கையும் தானா மேல வந்துச்சு. கும்பிடத்தான் போறேன்னு எல்லாரும் நினைச்சாக, நானும் அப்படித்தான் நினைச்சேன். தட்டிட்டேன். பட்டு பட்டுன்னு, தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி. நிறுத்த முடியலை. அழுகை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அவங்க தூக்கிக்கிட்டுத் தெரு முனை திரும்புத வரைக்கும் தட்டிக்கிட்டே நின்னேன்.

பேச்சிமுத்து இன்னைக்கும் எங்கிட்டப் பேசுததில்ல. சாவு வீட்டுல கை தட்டின கிறுக்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியான். திரியட்டும், அவனுக்குப் பட்டிமன்றம் தெரியாது. நல்ல பாயிண்டு விழுந்தா எதிரணியா இருந்தாலும் தட்டணும். கோமதிநாயகம் எனக்கு எத்தனையோ மேடையில தட்டினாரு. நான் அவருக்குத் தட்டினது அன்னைக்கு ஒரு தடவைதான், அதையும் அவரு கேக்கலை.